கூடலூரில் கொட்டகலைத் தொகுதி

எனக்கு அறுபத்தொரு வயதாகிறது. இதுவரை யாரும் என்னை நம்பி ஒரு தேர்தல் தொகுதியை ஒப்படைத்ததில்லை. போன ஐப்பசியில் என் பெரியப்பா மகள் தெய்வானை அக்கா ஒப்படைத்தாள். தொலைபேசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: கொட்டகலை என்று ஒரு தொகுதி இருந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும், முத்திரையோடு வேண்டும், நானே நேரில் கொண்டு வர வேண்டும். வரும்போது அரைக் கிலோ மாசிக் கருவாடும் கொண்டு வர வேண்டும்.

நான் இலங்கையில், கொட்டகலையில், முப்பது வருஷம் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற வாத்தியார். அக்கா நீலகிரியில், கூடலூருக்கு அப்பால் நெல்லியாளத்துக்குப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். அவளுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது பெரியப்பாவோடு, எங்கள் ஊரில் கோச்சி என்று சொல்லும் ரயில் ஏறி இந்தியா போனாள். இப்போது தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலை அடியோடு சரிபார்க்கிறார்களாம். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் அவள் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பா அம்மா பெயராவது இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் எழுதிய வருஷம் அக்கா வயநாட்டுப் பக்கம் மிளகு பறிக்கப் போயிருந்தாள். அம்மா இலங்கையிலேயே இறந்துவிட்டாள். அப்பா இந்தியாவில் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. ஆகவே படிவத்தில் தந்தை வாக்களித்த தொகுதி என்ற இடத்தில் அக்கா உண்மையை எழுதினாள்: கொட்டகலை, 1947.

அந்தத் தொகுதியின் வரலாறு சின்னது. ஒரு பாடவேளைக்கு இழுத்து நடத்தினாலும் பத்து நிமிஷம் மிஞ்சும். வெள்ளைக்காரன் புறப்படுவதற்கு முந்தின வருஷம் இலங்கையில் தேர்தல் நடந்தது. தோட்டத்து ஆட்களுக்கும் ஓட்டு இருந்தது. கொட்டகலையில் அவர்கள் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அனுப்பியது கொழும்பில் பலருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரன் போன கையோடு, தோட்டத்து ஆட்கள் குடிமக்கள் இல்லை என்று சட்டம் வந்தது. பிறகு ஓட்டும் இல்லை என்று வந்தது. அடுத்த தேர்தலில் தொகுதி இருந்தது, எங்கள் ஆட்களுக்கு ஓட்டு இல்லை. கொஞ்ச வருஷத்தில் எல்லைகளைத் திருத்தியபோது தொகுதியும் போயிற்று. பல காலம் கழித்து ஓட்டுத் திரும்பி வந்தபோது, கொட்டகலை என்ற பெயர் எந்தத் தொகுதிக்கும் இல்லை. நான் கற்பித்த பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. நானும் முப்பது வருஷம் ரோமாபுரியைத்தான் கற்பித்தேன்.

காகிதத்துக்காக இரண்டு வாரம் அலைந்தேன். அலுவலகம் அலுவலகமாகப் போய், கொட்டகலைத் தொகுதி என்றால், அப்படியும் ஒன்று இருந்ததா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் ஒரு நல்ல மனிதர் பழைய அரசிதழ் ஒன்றைத் தூசி தட்டி, தொகுதியின் எல்லைகளைச் சொல்லும் பக்கத்தைப் படியெடுத்து, மூலப்பிரதிக்குச் சரியானது என்று முத்திரை குத்தினார். இந்த ஆற்றிலிருந்து அந்த மலை முகடு வரை என்று எல்லைகள் அழகாக இருந்தன. அதை மாசிப் பொட்டலத்தோடு ஒரே பையில் வைத்தேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

விமான நிலையத்தில் பையைத் திறந்த அதிகாரி மாசியை விரலால் தட்டிப் பார்த்து, இது மரமா என்று கேட்டார். மீன் என்றேன். நம்பாமல் மோந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அரசிதழைத் தொடவே இல்லை.

முதல் நாள் ஊட்டியில் தங்கினேன். எங்கள் நுவரெலியாவை நன்றாகத் தெரிந்தவனுக்கு ஊட்டி புதிதல்ல. ஓர் ஏரி, ஒரு குதிரைப் பந்தயத் திடல், சிவப்புச் சாயம் அடித்த கட்டடங்கள். வெள்ளைக்காரனுக்கு வீட்டு நினைவு வந்த இடத்திலெல்லாம் ஒரே வரைபடத்தைப் போட்டுக் கட்டியிருக்கிறான், வேலைக்கு மட்டும் நம்மை ஏற்றி வந்திருக்கிறான். இப்போது அந்த வரைபடத்துக்கு முன்னால் நின்று மக்கள் குளிர்க் குல்லாயோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

கடைத்தெருவில் வர்க்கி வாங்கினேன். தொட்டால் உதிரும் இந்தப் பிஸ்கோத்தைத் தேநீரில் முக்கி, அது கரைவதற்குள் வாய்க்குக் கொண்டுபோவது ஒரு வித்தை. எனக்கு மூன்றில் இரண்டு டம்ளருக்குள் விழுந்தன. பக்கத்துத் தேயிலைக் கடைக்கார பாய் இரக்கப்பட்டுக் கரண்டி கொடுத்தார். கூடவே, தம் கடைத் தூளுக்கு முன்னால் சிலோன் தூள் நிற்காது என்றும் சொன்னார். நான் அங்கிருந்துதான் வருகிறேன் என்றதும் அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"அப்படீங்களா? எங்க ஊட்டுக்கு எதுத்தாப்புல ஒரு சிலோன்காரர் குடும்பம் இருக்குதுங்க. நாப்பத்தஞ்சு வருசமா இருக்காங்க. நல்ல மனுசங்க."

நாற்பத்தைந்து வருஷமாக இருந்தும் சிலோன்காரர். எங்கள் நாட்டில் நாங்கள் இருநூறு வருஷமாக இருக்கிறோம். அங்கே எங்களுக்குக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பெயர். இரண்டு பக்கமும் கூட்டிக் கழித்தால் நடுவில் இருக்கும் கடல்தான் எங்கள் சொந்த ஊர் போலிருக்கிறது. கால் கிலோ தூள் வாங்கிக்கொண்டேன். நல்ல தூள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் கூடலூர் பேருந்தில் ஏறியதும் பையின் மணம் வேலை செய்ய ஆரம்பித்தது. முன் இருக்கை அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒருவர் தம் செருப்பைத் தூக்கிப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகத் தேயிலையை ரசிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். நடத்துநர் வந்து பையை எடுத்துக் கடைசி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். ஒரு தொகுதியை இவ்வளவு எளிதாக இடம் மாற்றியதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

நடுவட்டத்தில் பேருந்து ஒரு தரம் இருமி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி ஒரு சுற்று சுற்றிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். எங்கள் ஊரிலும் முதல் பழுதுபார்ப்பு இதேதான். நடத்துநர் மட்டும் என்னிடம் வந்து, "ஏனுங்க சார், வண்டி இனி நவுராதுங்க. பின்னால வர்ற வண்டில ஏத்தி உடறேன். அந்தப் பையோட ஏறுறதுக்கு மட்டும் நீங்களே பேசிக்கோங்க" என்றார்.

பின்னால் வரும் வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உருளைக்கிழங்கு போண்டாவும் டீயும் வாங்கி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல இலை கப்பல் ஏறுகிறது, தூசு கடைக்கு வருகிறது. இந்த விஷயத்தில் இரண்டு நாடுகளுக்கும் ஒற்றுமை குறையவே இல்லை. கடைக்காரர் கூடலூர்க்காரர். தம் ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கேரளம் போவார்கள், ஓட்டுக்குத் தமிழ்நாடு வருவார்கள், யானை மட்டும் மூன்று மாநிலத்துக்கும் போய் வரும், அதனிடம் யாரும் அட்டை கேட்பதில்லை என்று சொன்னார். நான் வந்த காரியத்தை அவரிடம் சொன்னேன். அவர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே, இல்லாத தொகுதிக்கு எதற்குக் காகிதம், இருக்கிற தொகுதிக்கே காகிதம் கிடைக்க மாட்டேன் என்கிறது என்றார்.

சாயங்காலம் அக்கா பேருந்து நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். அந்த நிறுத்தத்துக்கு ஊரார் வழக்கில் சிலோன் காலனி என்று பெயர். கடைசியாக அவளைப் பார்த்தபோது இரட்டைச் சடை. இப்போது நரைத்த தலையில் கம்பளித் துண்டு. என்னைப் பார்த்து அழுவாள் என்று எதிர்பார்த்து நானும் தயாராக இருந்தேன். அவள் பையை வாங்கி மோந்து பார்த்துச் சிரித்தாள்.

"மாசி நல்ல மாசிதான். காயிதம் எங்கடா?"

அன்று இரவுச் சாப்பாடு தேங்காய் ரொட்டியும் மாசிச் சம்பலும். கொட்டகலையில்கூட இப்போது எங்கள் வீட்டில் நூடுல்ஸ். மாசி கிடைக்காத இந்த மலையில் ஐம்பது வருஷமாக நெத்திலியைப் போட்டுச் சம்பல் இடித்து, இது மாசி என்று தன்னையே ஏமாற்றி வந்திருக்கிறாள். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதால் வீட்டில் அவள் மட்டும்தான். சாப்பிட்டுக்கொண்டே பெரியப்பாவைத் திட்டினாள்.

பெரியப்பா அந்த 1947 தேர்தலுக்குக் கங்காணியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனவர். அந்த ஓட்டு ஒன்றுதான் அவர் வாழ்நாளில் போட்டது. பிறகு இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்த என் அப்பா இலங்கைப் பங்கிலும் பெரியப்பா இந்தியப் பங்கிலும் விழுந்தார்கள். இங்கே பட்டியல் எழுத வந்தவர்களிடம் பெரியப்பா ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னாராம்: எனக்கு ஏற்கெனவே கொட்டகலையில் ஓர் ஓட்டு இருக்கிறது, அதை வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பேசுங்கள். வந்தவர்கள் கிழவனுக்கு மூளை பிசகு என்று போய்விடுவார்கள். அவர் இறக்கும்வரை பேச்சை மாற்றவில்லை.

"அந்தாளு வீம்புக்கு இன்னைக்கு நான் மாட்டிக்கிட்டேன்" என்றாள் அக்கா. "இருபத்தொன்னு முடிஞ்ச நாள்லேருந்து ஒரு எலக்சன் விட்டதில்ல. காலையில பேரு குடுக்குற பெரட்டுக்கு லேட்டானாலும் ஓட்டுக்கு மொத ஆளா நிப்பேன். இப்ப பேரில்லைங்கிறாங்க."

ஓட்டுப் போனால் என்ன ஆகிவிடும், ரேஷன் இருக்கிறது, வீடு இருக்கிறது என்று நான் ஆறுதல் சொன்னேன். வாத்தியார் வேலை செய்தவனுக்குத் தெரியாததைப் பேசுவது பழக்கம்.

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "ஒன்னுமே ஆகாது. அதுதான் பயம். அங்கயும் ஓட்டுப் போனப்ப மொதல்ல ஒன்னுமே ஆகல. வழக்கம்போலப் பெரட்டு, வழக்கம்போலக் கொழுந்து. அப்பறந்தான கப்பல் வந்திச்சி."

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை ஷீபா டீச்சர் வந்தார். மலையாளம் கலந்து பேசும் அங்கன்வாடி டீச்சர்; பிள்ளைகளுக்கு முட்டை அவிக்கும் வேலையோடு வீடு வீடாகப் பட்டியல் சரிபார்க்கும் வேலையையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். காலில் அட்டைக்கடிக்கு உப்புத் துணி, ஒரு கையில் குடை, மறு கையில் கைபேசி. அக்கா அவருக்கு ஸ்டூல் போட்டாள். நான் எழுந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அரசிதழை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

டீச்சர் வாங்கியவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தூரத்தில் பிடித்து வாசித்தார். முழுவதும் வாசித்தார், அதற்காக அவரை மெச்ச வேண்டும். வாசித்துவிட்டுக் கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தொகுதி என்ற இடத்தைத் தொட்டால் வரிசையாகப் பெயர்கள் விழுந்தன. எல்லாம் இங்குள்ளவை.

"நல்ல பேப்பர்தான் சேட்டா. பக்ஷே இந்த லிஸ்ட்ல கொட்டகலை இல்லல்லோ. ஃபோன் எடுக்காது."

அவர் ஒரு மாதமாக அக்காவிடம் ஒன்றைத்தான் கேட்டு வந்திருக்கிறார்: இந்திய அரசாங்கம் அப்பாவுக்குக் கொடுத்த ஏதாவது ஒரு காகிதம். அக்கா இல்லை இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறாள். இன்றும் சொன்னாள். இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, அதற்குப் பிறகு தன் கையில் ஒன்றும் இல்லை என்றார் டீச்சர். எனக்குக் கொட்டகலை ஸ்டேஷன் நினைவுக்கு வந்தது. மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்லும் அந்த ரயில் வந்து நின்றபோது பெரியப்பா கோட்டின் உள்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பாகிட்ட பாஸ்போட் இருந்திச்சே அக்கா, கண்டியில இந்தியா ஆபீஸ்ல குடுத்தது" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நெத்திலியாக இருந்தால் கருகியிருப்பேன். பிறகு உள்ளே போனாள், தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பாஸ்போர்ட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். கொடுக்கவில்லை.

"பாஸ்போட்டுன்னா அனுப்புற காயிதம் டீச்சர். எங்க லயத்துல யாருக்கு வந்திச்சோ அவுங்கதான் போனாங்க. வராதவுங்க இருந்தாங்க. இது வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சா மறுபடி கெளம்பச் சொல்லுவாங்கன்னுதான் மறைச்சேன்."

உலகத்தில் எல்லாரும் ஊர் சுற்றப் பாஸ்போர்ட் வாங்குகிறார்கள். எங்கள் ஆட்கள்தான் அதைக் கண்டால் மூட்டை கட்டுவார்கள். தன்னைக் காப்பாற்றும் ஒரே காகிதத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டு மூடிவிட்டு, காப்பாற்றாத காகிதத்துக்காக என்னைக் கடல் கடந்து வரவழைத்திருக்கிறாள். சிரிக்கலாம் என்றால் அவள் இன்னும் அதை மார்பிலிருந்து எடுக்கவில்லை.

டீச்சர் எழுந்து போய் அவள் கையிலிருந்தபடியே பிரித்தார். உள்ளே பெரியப்பாவின் படம், அதே கோட்டு; கங்காணிக்குத் திருப்பிக் கொடுக்கவே இல்லை போலிருக்கிறது. குழந்தைகள் என்ற இடத்தில் தெய்வானை, மகள். டீச்சர் அட்டையைத் திருப்பி, "நோக்கு அக்கா, இந்தியன்னு எழுதியிருக்கு. இது அனுப்பற பேப்பர் இல்லை. இது இருக்கற பேப்பர்" என்றார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. படம் எடுத்து அனுப்ப வீட்டில் சிக்னல் இல்லை. மேட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும், முந்தின நாள் அங்கே யானை நின்றதாம். மூவரும் தூறலில் ஏறினோம். யானை போட்டுவிட்டுப் போனது மட்டும் இருந்தது. ஒரே குடையைக் கைபேசிக்குப் பிடித்துவிட்டு நாங்கள் மூவரும் நனைந்தோம்.

டீச்சர் ஒவ்வோர் இடமாக நிரப்பிக்கொண்டு வந்தார். தந்தை வாக்களித்த தொகுதி என்ற இடம் வந்ததும், பொருந்தாது என்பதைத் தொடப்போகிறேன், தொட்டால் மேலே போய்விடும் என்றார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பொருந்தாதுன்னு போடாதீங்க. எங்கப்பா போட்டாரு. கோட்டுப் போட்டுக்கிட்டுப் போயி போட்டாரு."

நான் பதறிப்போனேன். நேற்றிரவு முழுக்கப் பெரியப்பாவின் வீம்பைத் திட்டியவள் இவள். விரலால் ஒரு தட்டு தட்டினால் இவள் பெயர் இருக்கும், தட்டாவிட்டால் இருக்காது. அக்கா, விட்டுவிடு, செத்துப்போனவருக்கு ஓட்டு எதற்கு என்று கெஞ்சினேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, நான் அப்படித்தான் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

டீச்சர் கையை உதறவில்லை. அக்கா பேனாவால் எழுதிய காகிதப் படிவத்தைத் தம் பையிலிருந்து எடுத்தார். தந்தை, கொட்டகலை, 1947 என்று கோணல் எழுத்தில் இருந்தது. "இதுல எழுதினது எழுதினதா இருக்கட்டும். நான் வெட்ட மாட்டேன். ஃபோனுக்கு ஃபோன் கேட்கறதைக் கொடுக்கலாம். இந்தப் பேப்பரைக் கட்டு கெட்டி ஆபீஸ்ல வைப்பாங்க. பின்னே ஆரு திறந்து நோக்கப் போறா?"

அக்கா கையை எடுத்தாள். "யாரும் பாக்க வேணாம் டீச்சர். இருந்தாப் போதும்."

டீச்சர் தட்டினார். கைபேசியில் ஒரு சக்கரம் சுற்றிச் சுற்றி, எங்களை நன்றாக நனையவைத்து, பிறகு பச்சையானது. அவர் அரசிதழ்ப் படியை என்னிடம் கேட்டு வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படிவத்துக்குப் பின்னால் வைத்துப் பின் அடித்தார். தேவையில்லாத வேலை. எந்த உத்தரவிலும் அப்படிச் செய்யச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள், தன் பெயர் இருக்கிறது, போய் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாள். டீச்சருக்குச் சம்பல் கொடுத்ததாகவும், அவர் சாப்பிட்டதாகவும், முகத்தைச் சுளிக்கவில்லை என்றும் சொன்னாள். நான் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கொட்டகலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். தேர்தல் சுவரொட்டிகள் கிழிந்து தொங்கின. எதிலும் கொட்டகலைத் தொகுதி என்று இல்லை. இருக்கவும் முடியாது.

அது இப்போது கூடலூர்ப் பக்கம் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஓர் அலமாரியில், கயிற்றால் கட்டிய ஒரு கட்டுக்குள் இருக்கிறது. முத்திரை இருக்கிறது, எல்லை இருக்கிறது, ஒரு வாக்காளரும் இருக்கிறார். எப்போதாவது யாராவது அந்த அலமாரியைத் திறந்து, எங்கிருந்து மீன் வாசனை வருகிறது என்று தேடினால், பெரியப்பா கிடைப்பார்.